கலி மூடிய அறிவு

மனிதன் இயல்பிலேயே அறிவுள்ளவனா, அறிவற்றவனா? பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தாம்பரத்து மக்கள் 2015-ஆம் ஆண்டு மழையை நினைத்துப் பார்த்தாலே போதும்.

டிசம்பர் 1-ஆம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு போயிற்று.

தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வந்தது. தொண்டை நாட்டில் சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்கள் பழவந்தாங்கல் என்ற பெயரைத் தினமும் படிக்கிறார்கள். தண்ணீரைத் தாங்கிய இடம் என்று பெயரே சொல்கிறது. ஆனாலும் கோடையில் காய்ந்து கிடக்கும் மனையைப் பார்க்கிறவனுக்கு ஐப்பசி மழை நினைவுக்கு வருவதில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் தாழ்வான இடத்தில் குடியேறிய எளியவர் மேல் குற்றமில்லை. தெரிந்தே விற்றவன் கண்ணையும், விசாரிக்காமல் வாங்கியவன் கண்ணையும் மறைத்தது ஆசை.

அடுத்தது அச்சம். செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது, பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று அந்த மழைக்காலத்தில் செல்போனில் செய்தி பறந்தது. இரண்டும் பொய். படித்தவர்களும் அதை நாலு பேருக்கு அனுப்பினார்கள்.

அப்படியானால் மனிதன் அறிவற்றவனா? அதே நாட்களில் அதே மக்கள்தான் முகம் தெரியாதவருக்குக் கதவைத் திறந்தார்கள். அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கிப் பொட்டலம் கட்டினார்கள். மீனவர்கள் படகோடு வந்தார்கள். யாரும் சாதி கேட்கவில்லை. இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததா? உள்ளே இருந்த அறிவு வெளியே வந்தது, அவ்வளவுதான்.

குறோணியின் ஆறாம் துண்டு கலியனாக வந்ததை அகிலம் சொல்கிறது. அந்தக் கலியைத் தெருவில் தேடினால் கிடைக்காது. அது மனதுக்குள் மாயையாக இருந்து, ஆசையாலும் அச்சத்தாலும் அறிவை மூடுகிறது. பேய்க்கு அஞ்சி ஆடும் கோழியும் பலியிட்ட மக்களிடம், அந்த அச்சத்தை விடுங்கள் என்று அய்யா சொன்னது இதனால்தான். எளியவரைத் தாங்கும் தர்மம் பெருகப் பெருக, மூடிய மாயை விலகும்.

நிழல் தாங்கலுக்கு வருகிறவர் பள்ளியறையில் காண்பது கண்ணாடி. அதில் தெரிவது தன் முகமே. மனைக்கு முன்பணம் கொடுக்குமுன், வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், அந்த முகத்திடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதைச் சொல்வது ஆசையா, அச்சமா, அறிவா?"

அன்று தாங்கல்கள் தண்ணீரைத் தாங்கின. இன்று நிழல் தாங்கல்கள் மனிதரைத் தாங்கட்டும். அடுத்த மழையிலும் அன்பர்களின் கதவுகள் திறந்திருக்கட்டும்.

அய்யா உண்டு!