பித்தளைத் தகட்டில் இல்லாத பெயர்

இசைக்கலைஞர் ஒருவர் மறைந்த வீட்டில், காரியங்கள் முடிந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வி எழுந்துவிடும்: "இது என்ன விலைக்குப் போகும்?" கேட்பவர்மேல் குற்றமில்லை. மதுரையின் வாடகை வீடுகளில் மனிதருக்கே இடம் போதவில்லை. வீணையாக இருந்தால் கொலுவின்போதாவது எடுத்து வைப்போம். மிருதங்கத்தைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கொடுப்போம். மேல்நாட்டு டிரம்ஸ் செட் ஒன்று சொத்தாக வந்தால் அதை என்ன செய்வது? நம் குடும்பங்களுக்கு அதற்கு வழக்கம் எதுவும் இல்லை.

என் பெரியப்பா மதுரை மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். சித்திரைத் திருவிழா, பங்குனிப் பொங்கல், கல்யாண வரவேற்பு என்று மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கமெல்லாம் விடிய விடிய வாசித்தார். சினிமா இசைத்தட்டில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும். தாளம் தந்தவரின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு வாசித்த நோயல் கிரான்ட், இளையராஜாவுக்கு வாசித்த புருஷோத்தமன் ஆகியோரின் அடி தமிழ்நாட்டுக் காதுகளுக்கெல்லாம் பழக்கம். அவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், அதே பாட்டைத் திருவிழா மேடையில் வாசித்தவரைப் பற்றி எங்கே எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? அவர் விட்டுப்போன கருவிதான் அவரைப் பற்றிய ஆவணம்.

வீட்டில் அதற்கு ஒரு கதை உண்டு. "அது வெள்ளைக்காரன் செட்டு, லண்டன்ல செஞ்சது" என்பார் பெரியம்மா. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கருவியே சொல்லும், பார்க்கத் தெரிந்தால். பழைய டிரம்மை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது, காற்றுப் போகும் துளையைச் சுற்றிப் பதித்த தகடு. அதன் வடிவத்தை வைத்தே பல கம்பெனிகளின் காலத்தைச் சொல்லிவிடலாம். அடுத்து, தோலைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும்: எந்த மரம், எத்தனை ஏடு, உள்விளிம்பில் வளையம் உண்டா? பிறகு திருகுகளைத் தாங்கும் உலோகக் குமிழ்கள். கடைசியாக, விட்டத்தை நூல் பிடித்து அளக்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில், செட்டில் டாம் எனப்படும் மேளங்களில் சிறியதும் தரையில் நிற்பதும் உண்மையிலேயே இங்கிலாந்தின் பிரீமியர். 1922இல் ஆல்பர்ட் டெல்லா போர்ட்டா என்ற டிரம்மர் லண்டனில் தொடங்கிய கம்பெனி அது. 1940இல் தொழிற்சாலைமேல் குண்டு விழுந்தபின் லெஸ்டர் பக்கம் இடம்பெயர்ந்தது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1963இல் அமெரிக்க லுட்விக்குக்கு மாறும்வரை வாசித்ததும் பிரீமியர்தான். பெரியம்மா சொன்னதில் பாதி மெய்.

மீதிப் பாதி பேஸ் டிரம்மில் இருந்தது. அதன் தகட்டில் இருப்பது யாருக்கும் தெரியாத ஒரு பெயர். உள்ளே பிலிப்பைன்ஸ் பக்கத்து லுவான் மரம். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு உலகம் முழுவதும் இளைஞர்கள் டிரம்ஸ் கேட்டார்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகள் மலிவு விலை செட்டுகளைச் செய்து, வாங்கும் வியாபாரி சொன்ன பெயரையெல்லாம் பொறித்து அனுப்பின. பெரியப்பாவின் பேஸ் டிரம் அந்த அலையில் வந்தது. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டியிருந்த அன்றைய இந்தியாவில் முழு செட்டை ஒரே கம்பெனியில் வாங்க அவரைப் போன்ற கலைஞர்களுக்கு வழியில்லை. கிடைத்ததைக் கிடைத்தபோது வாங்கிச் சேர்த்திருக்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் விலை விசாரிப்பவருக்குப் பயன்படும். எனக்குத் திறப்பாக அமைந்தது டாமின் விட்டம். 1960களின் பிற்பகுதிவரை பிரீமியர் தன் டாம்களை அமெரிக்க அளவைவிட ஒரு நூல் பெரிதாகச் செய்துவந்தது. அதனால் இன்று கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஸ்கின் அதில் உட்காராது. பெரியப்பாவின் டாம்களில் இருப்பது ஆட்டுத்தோல். காசில்லாமல் போட்ட ஒட்டு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பிளாஸ்டிக் ஸ்கின்னின் வளையம் தொழிற்சாலையில் முடிவான அளவு. அதை மாற்ற முடியாது. ஈரத்தோலை வளையத்தில் மடித்து இழுத்துக் கட்டுகிறவர் எந்த அளவுக்கும் கட்டுவார். மதுரைக்கு வடமேற்கே வாடிப்பட்டி, மேளக்காரர்களுக்குப் பெயர்போன ஊர். தவிலுக்கும் பம்பைக்கும் தோல் மாட்டும் ஒருவரிடம் அங்கேதான் பெரியப்பா டாம்களை எடுத்துப் போவாராம். லெஸ்டரில் பிறந்த சிக்கலை வாடிப்பட்டியில் ஒருவர் தீர்த்திருக்கிறார். ஒட்டு என்று நாங்கள் நினைத்தது அந்தக் கருவிக்கு ஏற்ற சரியான வைத்தியம்.

இப்போது இதை என்ன செய்வது? பழுதுபார்ப்பவர் ஒருவர் விளிம்பைக் கடைந்து சிறிதாக்கினால் புது ஸ்கின் உட்காரும் என்கிறார். சேகரிப்பாளர்களோ ஒரு இழைகூடக் கடையாதே, தோலைக் கழற்றிவிட்டு அந்தப் பழைய அளவுக்கென்றே செய்யும் ஸ்கின்னை வெளிநாட்டிலிருந்து வரவழை, அப்போதுதான் ஒரிஜினல் என்பார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரிஜினல் என்பது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளோடு முடிந்துபோகிறதா? அந்த நாளில் அந்த டாமுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதற்குப் பின் நடந்ததுதான் பெரியப்பாவின் வாழ்க்கை. தோல் மாற்றியது, ஆணி மாற்றியது, குச்சி பட்டுத் தேய்ந்த வளையம் எல்லாம் சேர்ந்துதான் என் கையில் வந்திருக்கிறது. அவற்றைத் துடைத்தெடுத்தால் பிரீமியர் மிஞ்சும், பெரியப்பா மிஞ்சமாட்டார்.

வாடிப்பட்டிக்காரரும் மிஞ்சமாட்டார். என்னை அதிகம் உறுத்துவது அதுதான். லண்டன் கம்பெனிக்குப் பித்தளைத் தகட்டில் பெயர் இருக்கிறது. வாசித்தவரை வீட்டார் நினைவில் வைத்திருக்கிறோம். தோல் மாட்டியவரின் பெயரைப் பெரியம்மாவும் கேட்டு வைத்திருக்கவில்லை. "வாடிப்பட்டிக்காரர்" என்ற அளவில் அவர் நின்றுவிட்டார். மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தோலைத் தொட்டு வேலை செய்பவரை ஒதுக்கிவிட்டு, அந்தத் தோலில் எழும் நாதத்தை மட்டும் மேடையேற்றிய நம் வழக்கத்தை அது நேராகக் கேள்வி கேட்டது. வித்வான்களின் மேடைக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல அது. எங்கள் வீட்டுப் பரணுக்கும் அது பொருந்துகிறது.

பரம்பரைச் சொத்து என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேர்கோட்டில் வருவதாக எண்ணிக்கொள்கிறோம். எந்தச் சொத்தும் அப்படி வருவதில்லை. வயலுக்குப் பின்னால் உழுதவர், வீட்டுக்குப் பின்னால் கொத்தனார், வாத்தியத்துக்குப் பின்னால் தோல்காரர் என்று முகம் தெரியாத கைகள் உண்டு. பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. நமக்கு வந்ததில் அவர்களின் பங்கு இருக்கிறது. அதை அறிந்து சொல்வதுதான் வாரிசுக்கு உள்ள முதல் கடமை என்று இப்போது நம்புகிறேன். வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதெல்லாம் அதற்கு அடுத்தது. விற்றாலும் இந்தக் கதையை எழுதிக் கூடவே கொடுத்து விற்கலாம்.

நான் விளிம்பைக் கடையப்போவதில்லை. கிழிந்த தோலுக்குப் புதுத் தோல் வாடிப்பட்டியிலேயே மாட்டப்போகிறேன். இந்த முறை பெயர் கேட்டு எழுதிக்கொள்வேன். செட்டை வாசிக்க விரும்பும் பிள்ளை குடும்பத்தில் இல்லாவிட்டால் வெளியே தேடுவேன்.

உங்கள் வீட்டில் வாசிக்கிறவர் உயிரோடு இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். இதை யார் செய்தது, எங்கே வாங்கினீர்கள், யார் சரிபார்த்தது, எந்தெந்த ஊர்களில் வாசித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலையை எப்போது வேண்டுமானாலும் விசாரிக்கலாம். சொல்ல அவர் எப்போதும் இருக்கமாட்டார்.