இணைப்புச்சொல் எதைக் குறிக்கிறது?

மழை உலகில் இருக்கிறது, குடையும் இருக்கிறது. ஆனால் 'மழை பெய்வதால் குடை எடுக்கிறான்' என்னும்போது அந்த 'ஆல்' சுட்டும் பொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் இறையியலும் இலக்கணமும் சேர்ந்து ஒரு விடை கண்டன. போர்-ரொயால் மடத்தைச் சார்ந்த அந்துவான் அர்னோவும் க்ளோத் லான்ஸ்லோவும் 1660-இல் வெளியிட்ட இலக்கண நூல், சில சொற்கள் சிந்திக்கப்படும் பொருள்களையும் வேறு சில சிந்திக்கும் விதத்தையும் குறிப்பதாகக் கொண்டு, இணைப்புச்சொற்களை இரண்டாம் வகையில் சேர்த்தது. 'அல்ல' என்பதற்கு ஈடான எதுவும் வெளியுலகில் இல்லை, மறுப்பது மனமே.

அர்னோ, இறையருளின்றி மனித முயற்சியால் மீட்பில்லை என்ற ஜான்செனியப் பிரிவின் இறையியலாளர். மனம் எங்கே தடுமாறுகிறது என்று தேடுவது அவருக்கு ஆன்மிகக் கடமையாகவும் இருந்தது. அவரும் பியேர் நிக்கோலும் 1662-இல் வெளியிட்ட தருக்க நூலில், குறிப்பிட்ட விண்மீன் கூட்டத்தின் கீழ்ப் பிறந்து துன்புற்ற ஓர் இளவரசனைப் பற்றிய எடுத்துக்காட்டு வருகிறது. அவன் அவ்வாறு பிறந்ததும் உண்மை, துன்புற்றதும் உண்மை. எனினும் அப்படிப் பிறந்ததால்தான் துன்புற்றான் என்பது பொய். உறுப்புகள் இரண்டும் மெய்யாக இருக்க, இணைப்பு மட்டும் பொய்யாகலாம் என்ற இந்தக் கண்டுபிடிப்பு சோதிடத்துக்கான மறுப்போடு நிற்பதில்லை. வாயில் வரும் ஒவ்வொரு காரணச் சொல்லும் ஒரு தனித் தீர்ப்பு என்பதை அது காட்டுகிறது.

அன்றாடப் பிரெஞ்சு இதற்கு நல்ல சான்று. 'பார்ஸ் கில் ப்ளூ' என்றால் 'மழை பெய்வதால்'; 'பியான் கில் ப்ளூவ்' என்றால் 'மழை பெய்தாலும்'. இரண்டிலும் மழை பெய்வது உறுதி; இருந்தும் பின்னதில் வினை 'ப்ளூ' என்பதிலிருந்து 'ப்ளூவ்' என்று, பெரும்பாலும் விருப்பத்தையும் ஐயத்தையும் உணர்த்தப் பயன்படும் சார்புநிலை வடிவத்துக்கு மாறுகிறது. மழையை ஏற்றுக்கொண்ட மனம், எடுத்துக்காட்டாக வீட்டில் தங்குவதற்கான காரணமாக அதை ஏற்க மறுப்பதே இந்த மாற்றத்துக்கு அடிப்படை என்று கொள்வது பொருத்தமானது.

ஆனால் போர்-ரொயால் அறிஞர்கள் கண்டது பெரிதும் தனித்துச் சிந்திக்கும் மனத்தையே; எதிரே இருந்து கேட்பவரை அல்ல. காரணம் சொல்லும் 'கார்', 'பார்ஸ் கெ', 'ப்யுயிஸ்க்' ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 1975-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று, இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கொள்ள முடியாது என்று நிறுவியது. 'ஏன் போகிறோம்?' என்ற கேள்விக்கு 'பார்ஸ் கெ' விடையாக வரும், 'ப்யுயிஸ்க்' வராது. 'நீ களைத்திருக்கிறாய் அல்லவா, அதனால் வீடு திரும்புவோம்' என்ற பொருளில் 'ப்யுயிஸ்க்' வரும்போது, களைப்பு கேட்பவர் முன்பே ஒப்புக்கொண்ட செய்தியாக வைக்கப்படுகிறது; அவர் களைக்கவில்லையென்றால், தம்மிடம் கேட்கப்படாமலேயே தம் பெயரில் எழுதப்பட்ட ஒப்புதலை முதலில் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.