பொது இடமும் பிள்ளையின் கையும்

சீடன்: குருவே, தன் பொம்மையைப் பத்திரமாக வைக்கும் பிள்ளை மாடிப்படிச் சுவரில் கிறுக்குகிறதே, ஏன்?

குரு: பொம்மை தன்னுடையது என்று அதற்குத் தெரியும்; சுவர் யாருடையது என்று தெரியாது. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் இதுதான் நடந்தது. ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பைப் புதுப்பித்தார்கள். பெற்றோர் வேலைக்குப் போனதும், பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கினார்கள்.

சீடன்: காவல் போட்டிருக்கலாமே?

குரு: காவலாள் திரும்பினால் காவல் போயிற்று. கட்டட உரிமை நிறுவனம் பிள்ளைகளை மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரின் பொறுப்பில் விட்டது. 1907 ஜனவரி 6 அன்று அந்தக் கட்டடத்திலேயே 'குழந்தைகள் இல்லம்' திறந்தது.

சீடன்: அங்கே என்ன போதித்தார்கள்?

குரு: வேலை கொடுத்தார்கள். நாளடைவில் சின்னக் கைக்கேற்ற துடைப்பமும், பிள்ளையே தூக்கும் நாற்காலியும், உடையும் பீங்கான் தட்டும் வந்தன. நாற்காலியை இழுத்தால் சத்தம் கேட்கும். தட்டு நழுவினால் உடையும். பொருளே கண்டித்துவிடும். மேசை கழுவும் பிள்ளை நுரையைத் துடைத்து, தரையில் சிந்திய தண்ணீரையும் குனிந்து ஒற்றியெடுக்கும்.

சீடன்: பெரியவர்கள் ஒரு நொடியில் முடிப்பார்களே?

குரு: மேசை சுத்தமாகும், பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. தான் துடைத்த இடம் அழுக்கானால்தான் மனம் பொறுக்காது.

சீடன்: தன் அறைமேல் வந்த அக்கறை ஊர்மேல் எப்படி வரும்?

குரு: மாண்டிசோரி வகுப்பில் ஒவ்வொரு கருவியும் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். இன்னொரு பிள்ளை எடுத்திருந்தால் காத்திருக்க வேண்டும்; தன் முறை முடிந்ததும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். 'எனக்குப் பின் ஒருவர் வருவார்' என்ற நினைப்பு அங்கே பழகுகிறது. பூங்காவுக்கும் குளக்கரைக்கும் பேருந்து இருக்கைக்கும் தேவையானது அதே நினைப்புதான். வயது ஏற ஏற இடமும் விரிய வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே முறைவைத்து வகுப்பறையையும் நடைவழியையும் துப்புரவு செய்கிறார்கள்.

சீடன்: தவறு செய்தவனைப் பெருக்கச் சொன்னால் திருந்துவானா?

குரு: பெருக்குவது இழிவு என்று கற்பான். சாதி பார்த்துச் சில பிள்ளைகள்மேல் மட்டும் அந்த வேலையைச் சுமத்துவது கொடுமை. எல்லாருக்கும் முறை வர வேண்டும். ஆசிரியர் கையிலும் துடைப்பம் இருக்க வேண்டும்.

சீடன்: எந்த வயதில் தொடங்குவது?

குரு: நடக்கத் தெரிந்த பிள்ளை, பெருக்கும் தாயிடம் துடைப்பத்தைக் கேட்டு அழும். அன்றே கொடுத்துவிட வேண்டும்.