பிற்பருவத்துக் கைத்தொழில்

நூலறிவு நிரம்பிய ஒருவர், ஆண்டு நாற்பதை அணுகியபின், பிறிதொரு நாட்டிற் குடியேறி, ஆங்குத் தச்சு முதலிய கைத்தொழிலைப் புதிதாகக் கற்கப் புகுவது தக்கதோ தகாததோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கன்னட நாட்டெல்லையிலுள்ள எமது ஓசூரிலே, 1970-களிற் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததன்பின், வடக்கினின்றும் கிழக்கினின்றும் மொழியறியாது வந்தோர் பலர், தம்மின் இளையார்முன் நின்று தொழில் கற்றலைக் காண்கின்றோம். அவரை நோக்கி இரங்குவாரும் உளர், இகழ்வாரும் உளர்.

தகாதென்பார், கைத்தொழில் அவ்வக் குலத்தார்க்கே உரியதென்பர். பிற்பருவம் வீடுபேற்றை நாடற்குரிய காலமாகலின் புதுத்தொழில் அதற்கு இடையூறென்றுங் கூறுவர். முன்னையதை விரித்து மறுத்தல் வேண்டா. குயவரும் ஏகாலியரும் சாலியரும் பரதவரும் நாயன்மாராகப் போற்றப்படும் நெறியில் நின்றுகொண்டு கைத்தொழிலை இழிவென்னின் நாக்கூசும். பின்னையதே நோக்கத்தக்கது.

இதற்கு ஓர் உண்மைச் செய்தி துணையாம். தென்னாப்பிரிக்காவிலே, ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில், காலன்பாக் என்னும் கட்டடக்கலைஞர் ஏறத்தாழ 1100 ஏக்கர் நிலம் வாங்கி, 1910-ஆம் ஆண்டிற் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கட்கு வாடகையின்றி அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஆங்கு வாழ்ந்தோருள் தமிழர் பலர். ஐரோப்பாவிற் பிறந்து அந்நாடு புகுந்த காலன்பாக்கும், 1893-இல் ஆங்குச் சென்ற காந்தியடிகளும் அப்பொழுது நாற்பதை அடுத்த பருவத்தினர். தத்தம் தொழிலிற் பொருளும் புகழும் ஈட்டியவர். காலன்பாக் கிறித்தவத் துறவியர் மடமொன்றிற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று மீண்டார். அவர்பால் அடிகள் கற்றார். தச்சிலும் காலன்பாக் ஓரளவு பயின்றிருந்தமையின் அத்தொழிற்குத் தலைவரானார். விசுப்பலகை முதற் பெட்டியீறாக வேண்டுவனவெல்லாம் அங்கிருந்தோர் தாமே செய்துகொண்டனர். ஆசிரியர் தாம் செய்யாததனை மாணாக்கர்க்கு ஏவலாகாதென்பது ஆங்கு விதி. அடிகள் தமிழ்ச்சிறார்க்குத் தமிழெழுத்துங் கற்பித்தார். பேச்சில் அச்சிறாரே தம்மை வெல்வரென்பதை அவர் மறைத்திலர். புலமைச் செருக்குடையார் இதனைச் சற்றே எண்ணுக.

கற்றார்க்குள்ள பெரியதோர் இடர் யாதெனின், சொல்லால் எதனையும் இசைவிக்கலாமென்னுந் துணிபேயாம். மரம் சொல்லுக்கு இசையாது. நாரோட்டத்திற்கு மாறாக இழைப்புளியைத் தள்ளின், தள்ளுபவர் மகாவித்துவானாயினும் சிராய் எழும். பச்சை மரம் உலருங்கால், நீளத்திற் பெரிதும் மாறாது, அகலத்திற் சுருங்கும். மழைநாளில் ஈரமுண்டு மீளப் பருக்கும். இதனை அறியாது கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு இறுகப் பிணித்தவன் பலகை வெடிக்கக் காண்பான். அறிந்த தச்சனோ, சட்டத்திற் காடி வெட்டி, பலகை அசைதற்கு இடம்விட்டுப் பொருத்துவான். எத்துணை இடம் விடுவதென்பது, பக்கத்து நின்றா னொருவன் காட்டக் கை அறிவது. காட்டுவோன் எழுத்தறியாதவனாகவும் இருத்தல் கூடும்.

உயிர் அறிவிக்க அறிவதேயன்றித் தானே அறியவல்லதன்று என்பது நம் சித்தாந்தம். நெடுநாள் அறிவிப்போன் இருக்கையிலேயே அமர்ந்தார்க்கு, தாமும் அறிவிக்கப்படுவோமென்னும் நினைவு தேய்தல் இயல்பு. ஆணவம் அழுந்தி உறைவது அவ்விருக்கையிலே யென்க. புதுநாடு அதனைப் பறித்துவிடுகின்றது. ஆங்கு அவர் பெயரை அறிவாரில்லை, மொழியும் உதவாது. அந்நிலையிற் பழம்பெருமை பேசி நைதலினும், மீண்டும் மாணாக்கராதல் வீட்டுநெறிக்கு அணித்தாதலின், அஃது இடையூறாமாறு யாங்ஙனம்?

அற்றேல், கைத்தொழிலே வீடு தருமோவெனின், தாராது. தச்சருள்ளும் செருக்குடையார் உளர். ஒரு முக்காலி செய்துவிட்டு ஊரெல்லாம் காட்டித் திரிவாரும் உளர். மேலும், விரும்பிக் கற்பவரும் வறுமை உந்தக் கற்பவரும் ஒருதன்மைய ரல்லர். ஓசூர் ஆலையில் நிற்பானை நோக்கி, 'நின் ஆணவம் தேய்கின்றது' என்று திண்ணையிலிருந்து உபதேசித்தல் கொடுமை. அவனுக்கு முதற்கண் வேண்டுவன நேரிய கூலியும், மொழிக்குறை கண்டு நகையாது கற்பிப்பா னொருவனுமே.

டால்ஸ்டாய் பண்ணையின் தச்சு வகுப்பு மிகச் சிறியது. அத்துணைச் சிறியதொன்றை நம் மடங்களின் பாடசாலை மருங்கே வயதுவரம்பின்றி அமைத்தற்கு, ஓர் இழைப்புப் பட்டறையும் முதிய தச்சர் ஒருவரும் போதும். ஆங்குப் புலவரும் புதிதாய் வந்தோரும் ஒருங்கே கற்கலாம்.