திருவிழாவுக்கு வரும் வீரரிடம் பதக்கத்தைக் கேட்காதீர்கள்



உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் கொடியேறுகிறது. 1877இல் பிரான்சிலிருந்து வந்த மாதாவின் சுரூபத்தைக் காண, பிள்ளைச்சாவடி தொடங்கிப் புதுவையின் எல்லாக் கரைகளிலிருந்தும் மக்கள் போகிறார்கள். கிறிஸ்தவர் மட்டுமா போகிறார்கள்? ஊரே போகிறது. அந்தக் கூட்டத்தில் சேரத் தயங்கும் ஒரு பிள்ளையை மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன்.

சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராகும் பிள்ளை அது. விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குனிந்த முதுகோடு மிதித்துப்போகும் இளையோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருவிழாவுக்கு வாப்பா என்று கூப்பிட்டால், சனி ஞாயிறில்தான் நெடுந்தூரப் பயிற்சி ஃபாதர், ஒரு வாரம் விட்டால் பின்தங்கிவிடுவேன் என்பார்கள். அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. அந்த உழைப்பை மதிக்கிறேன்.

மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்புகிறார்கள். செய்ததையும் கற்பித்ததையும் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். அவரோ அடுத்து எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்க அழைக்கிறார். சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லாதிருந்தது என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார். படகேறிப் போனால் அங்கேயும் கூட்டம்! தேடிப்போன தனிமை கிடைக்கவில்லை. பசும்புல்லில் ஐயாயிரம் பேருக்குப் பந்தி விரிந்தது. பரிமாறியவர்கள் களைத்துப்போயிருந்த அந்தச் சீடர்களே. பன்னிரண்டு கூடை மிஞ்சியது. நற்செய்தியில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் இது. ஆண்டவர் தந்த ஓய்வு, மக்கள் நடுவே ஒரு விருந்தாக முடிந்திருக்கிறது.

கடலை நம்பி வாழும் உங்களுக்கு ஓய்வின் அருமையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாள்களில் அடுப்பெரிவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க இடைவெளி விட்டால்தான் ஜூன் நடுவில் மறுபடி வலை வீசும்போது கடலில் ஏதாவது இருக்கும். வீரரின் உடம்பும் அப்படித்தான். மிதிக்கும்போது தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் விழுகின்றன. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருந்த கிளைக்கோஜன் என்னும் சத்து வடிந்துபோகிறது. அது மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். சிதைந்த தசை வலுப்பெறுவது ஓய்விலும் உறக்கத்திலும்தான். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 21 கட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள்கள் உண்டு.

ஆனால் அடுத்த பந்தயத்தில் வேகம் கூடும் என்பதற்காக மட்டும் ஓய்வெடுத்தால், அந்த ஓய்வும் ஒரு பயிற்சியாகிவிடும். இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளைக்குக் கடவுள் சொல்லும் காரணம் என்ன? நீங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அடிமைக்கு ஓய்வு கிடையாது. அதனால்தான் வேலைக்காரருக்கும் மாட்டுக்கும்கூட அந்த நாள் உரியது. பயிற்சி அட்டவணையைப் பார்த்து நடுங்குகிற பிள்ளையே, உன்னை அடிமையாக்க எதற்கும் உரிமையில்லை.

உன் மதிப்பு பதக்கத்திலும் இல்லை. கார் நிக்கோபார் தீவில் பிறந்த டெபோரா ஹெரால்டை நினைத்துக்கொள்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அவர் சிறுமி. மரமொன்றைப் பற்றிக்கொண்டு பல நாள் உயிர் பிழைத்திருந்தார். பிறகு இந்தியாவின் பெயர் சொல்லும் டிராக் சைக்கிள் வீராங்கனை ஆனார். அந்த நாளைப் பிள்ளைச்சாவடி மறந்திருக்காது. இந்தக் கரையும் அதே கடலைத்தான் கண்டது. மரத்தில் தொங்கிய அந்தச் சிறுமி அதுவரை எந்தப் பதக்கமும் வென்றதில்லை. அப்போதே அவள் உயிர் கடவுளுக்கு விலைமதிப்பற்றதாய் இருந்தது. யோர்தானில் இயேசு திருமுழுக்குப் பெற்று ஏறியபோதும், ஒரு புதுமையும் செய்யுமுன்பே, தந்தை அவரைத் தம் அன்பு மகன் என்றார்.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே கிசல்லோ மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுநர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரிய பெரிய பந்தயங்களை வென்றவர்கள் தங்கள் சைக்கிளையே அங்கே காணிக்கையாக விட்டுச் சென்றிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் சைக்கிளைக் கொடுத்துவிட வேண்டாம். இரண்டு நாள் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தால் போதும். வந்து தேருக்கு வடம் பிடியுங்கள், வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு மோர் ஊற்றுங்கள், பாட்டியைக் கைபிடித்துக் கோயில் குளக்கரைக்குக் கூட்டிப்போங்கள்.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளை வந்து நிற்கும்போது எத்தனையாவதாக வந்தாய், அரசு வேலை கிடைக்குமா, பதக்கம் எப்போது என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இலை போட்டு உட்கார வையுங்கள். ஆமென்.