தொண்டும் புகழும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரை நோக்கி நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வழியிற் கண்டு வணங்கிய சமண முனிவர்க்கு அதுவே பெயர். இன்று சீருடையும் கழுத்துத் துணியும் அணிந்த சிறுவனையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். முன்னவர் அறம் உரைத்தார். பின்னவன் அறம் செய்யப் பழகுகிறான்.

அவ்வாறு பழகிய இளைஞன் ஒருவன் குடியரசுத் தலைவர் விருது பெற்றால், அவன் சார்ந்த திருச்சபை மகிழ்வது இயல்பே. வெளிமாநில நகரங்களில் உள்ள நம் தமிழ்ச் சபைகளில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனை முன்னே அழைப்பர், ஆயர் ஜெபிப்பார், மூப்பர் ஒருவர் சால்வை போர்த்துவார். பெற்றோர் கண்கள் பனிக்கும். அவ்வேளையில் சிந்திப்போர் உள்ளத்தில் ஒரு வினா எழும்: தொண்டைப் புகழலாமா? புகழ் நுழைந்தபின் தொண்டு தொண்டாகவே நிற்குமா?

திருச்சபைக்குள் இவ்வினாவின் கூர்மை மிகுதி. மலைப்பொழிவில் இயேசுநாதர், பிறர் காண வேண்டுமென்று தருமம் செய்வோரைக் கண்டிக்கிறார். கொடுக்கும் கையை அடுத்த கையும் அறியாத அளவுக்கு அது மறைவாக நிகழ வேண்டும் என்கிறார். அதே பொழிவில் சற்று முன்னரோ, விளக்கை மூடி வைத்தல் தகாது என்றும், நற்செயலின் ஒளி பிறர் கண்ணில் படவேண்டும் என்றும் கூறுகிறார். இரண்டும் முரண் போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், முன்னது செய்பவனுக்கு இட்ட காப்பு. பின்னது காண்பவர்க்குக் கிட்டும் பயன். செய்பவன் புகழைத் தேடினால் தொண்டு வாணிகமாகிறது. கண்டவர் தாமே முன்வந்து புகழ்ந்தால் அது நன்றியாகிறது. வள்ளுவரும் 23-ஆம் அதிகாரமாக ஈகையை வைத்து, அடுத்து 24-ஆம் அதிகாரமாகப் புகழை வைத்தார். ஈகை முந்துகிறது, புகழ் பின்தொடர்கிறது. அவ்வரிசை மாறும்போதுதான் கேடு விளைகிறது.

சாரணர் இயக்கமும் இவ்விடரை அறியாததன்று. பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களோடு பாசறை அமைத்தார். அங்கிருந்து வளர்ந்த இயக்கத்தில் படிகள் பல, சின்னங்கள் பல. முதலுதவி, முடிச்சிடுதல், சமையல், வழியறிதல் ஆகியவற்றைத் தேர்வு வைத்து அளக்கலாம். அன்பை எந்தத் தேர்வு அளக்கும்? அதனால்தான் நாள்தோறும் ஒரு நற்செயல் என்னும் விதியை அவர் சின்னங்களுக்கு வெளியே வைத்தார். அதனை மறவாதிருக்கத் துணியில் ஒரு முடிச்சு போதும் என்றார். அதற்குச் சான்றிதழ் இல்லை.

1909-இல் இலண்டன் மூடுபனியில் வழி தவறிய அமெரிக்கப் பதிப்பாளர் வில்லியம் பாய்ஸுக்கு ஒரு சிறுவன் வழிகாட்டினான் என்றும், கொடுத்த காசை வாங்க மறுத்தான் என்றும் சாரணர் மரபு சொல்கிறது. மறு ஆண்டு பாய்ஸ் தம் நாட்டில் அவ்வியக்கத்தைத் தோற்றுவித்தார். பெயர் தெரியாத அச்சிறுவனின் நினைவாக, 1926-இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் எருமைச் சிலையொன்று நிறுவப்பெற்றது. சின்னங்களை வழங்கும் இயக்கமே, எச்சின்னமும் பெறாத ஒருவனைத் தலைமேல் வைத்துப் போற்றுகிறது.

ஆகவே, பாராட்டு விழா வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அதன் முகம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி. "என் மகன் வாங்கிவிட்டான், உன் மகன் ஏன் வாங்கவில்லை?" என்று வீடு திரும்பும் வழியில் ஒரு தாய் கேட்கப்படுவாளாயின், அவ்விழா ஒரு பிள்ளையை உயர்த்தப் பல பிள்ளைகளைத் தாழ்த்திவிட்டது. கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் தாளாக மட்டும் விருது எண்ணப்படுமாயின், பிள்ளை நாளை தாள் தராத தொண்டைத் தொடமாட்டான்.

இந்நாட்டில் 1909-இல் பெங்களூரில் முதற்படை தோன்றியபோது இந்தியச் சிறுவர்க்கு அதில் இடமில்லை. 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் அவர்களுக்கெனத் தனி அமைப்பைத் தொடங்கினார். பிரிந்திருந்தவை 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பாக ஒன்றுகூடின. அடைத்த கதவை யாரோ திறந்ததால் நம் பிள்ளை உள்ளே நின்றான். பிற மொழி பேசும் மக்கள் நடுவே குடியேறி, அவர்கள் திறந்த கதவால் வாழும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

எனவே, அவன் பணி செய்த தெருவின் மக்களும், மொழி வேறாயினும், விழாவுக்கு அழைக்கப்படட்டும். பயிற்றுவித்த ஆசிரியர் முதலில் வணங்கப்படட்டும். சாரணர் இடக்கையால் கைகுலுக்குவது உலக வழக்கு. அக்கையைப் பற்றி வாழ்த்தும்போது, வலக்கை செய்ததை நாமும் மிகையாகப் பேசாதிருப்போம். சால்வை மடித்து வைக்கப்பட்ட மறுநாள், எவரும் காணாத இடத்தில் அவன் முதியவர் ஒருவரின் சுமையைத் தூக்கினால், சபை அவனைக் கெடுக்கவில்லை என்று நாம் நிம்மதியடையலாம்.