புகையில் நம் பங்கு

புகைமூட்டம் வந்தால் கெடாவின் குருணில் முதலில் காணாமற்போவது ஜெராய் மலை. 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலை இருந்த இடமே தெரியாது. அப்போது ஒட்டுக்கடையில் இரண்டு தீர்ப்புகள் உடனே கிடைக்கும். ஒன்று, "சுமத்ராக்காரன் கொளுத்துறான்." மற்றது, "கலி முத்திடுச்சு." இரண்டிலும் ஒரு வசதி உண்டு. குற்றவாளி நம் வீட்டில் இல்லை.

எரிவது எது? கிழக்குச் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கடலோரச் சமவெளிச் சதுப்புகளில், மக்கி முடியாத இலையும் வேரும் மரமும் காற்றுப்படாமல் தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கின்றன. இந்த மண்ணை மலாய்க்காரர் தானா காம்புட் என்பார்கள். ஒரு மீட்டர் சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகும். நெய்வேலியில் தோண்டும் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் இப்படிக் கிடந்ததுதான். தண்ணீர் நிற்கும்வரை இந்த மண் எளிதில் பற்றாது. ஆனால் செம்பனை நட வேண்டுமானால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்ததும் மண் காயும், சுருங்கும், ஆண்டுக்கு ஆண்டு தாழும். பிறகு மேலே வைத்த நெருப்பு கீழே இறங்கி வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பெருமழையில் நீர்மட்டம் ஏறினால்தான் அடங்கும். அந்த மழைக்காக யாகம் வளர்க்கிற நாம், வாய்க்காலை அடைக்கச் சொல்லி ஒரு மனுகூட எழுதியதில்லை.

1995-இல் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கக் கிளம்பியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, 1997-இல் நெருப்பு விளைந்தது. 2015-இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் காடும் நிலமும் எரிந்தன. இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் என்றது உலக வங்கி. 2019-இல் தீ கண்ட நிலங்களுக்கு அந்த நாட்டு அரசு முத்திரையிட்டபோது, மலேசிய நிறுவனங்களின் கிளைகளும் பட்டியலில் இருந்தன. பழியை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் "சுமத்ராக்காரன்" என்ற தீர்ப்பு அன்றே செத்துவிட்டது.

கெடாவில் காம்புட் மண் மிகக் குறைவு. நம் ஊர்ச் செம்பனையைக் குற்றம் சொல்லவில்லை. இங்கே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய தாத்தாவுக்கு நிலத்திலும் பங்கில்லை, லாபத்திலும் பங்கில்லை. பேரன் கதை வேறு. அவன் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் ஊழியர் சேமநிதி வாரியம் பெரிய தோட்ட நிறுவனங்களின் பங்குகளையும் வைத்திருக்கிறது. லாப ஈவு அறிவிக்கிற நாளில் "இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம்" என்கிறோம். அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று யார் கேட்டோம்? முன்வினை, ஊழ்வினை என்று மணிக்கணக்கில் பேசுவோம். இந்த வினையின் கணக்கு ஆண்டறிக்கையாகவே அச்சாகி வருகிறது. அதைப் புரட்டத்தான் ஆளில்லை.

"நாலு காசு ஈவுக்கு நானா பாவி?" என்று கேட்கலாம். நாலு காசு அளவுக்கு, ஆம்.

எல்லை தாண்டியும் புகைக்குக் காரணமான நிறுவனங்களைத் தண்டிக்க 2014-இல் சிங்கப்பூர் சட்டம் இயற்றியது. மலேசியா யோசித்தது, ஆதாரம் திரட்டுவது கடினம் என்று 2023-இல் கைவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கோயிலுக்கு வந்தால் மாலை போடுங்கள். போட்ட கையோடு, அந்தச் சட்டம் ஏன் நின்றது என்றும் கேளுங்கள்.